“சீட்டாட்டமே என் தொழில்” என்கிறான் மகன்!

மகன் மது அருந்துகிறான் என்று தெரிந்தால் என்ன செய்வதென்று பெற்றோர் அறிவர். கண்டிப்பர், அழுவர், பெரியவர்களை அழைத்து நஸீஹத் செய்யச் சொல்வர். தெருமுனையில் காசு வைத்துச் சீட்டாடுகிறான் என்றாலும் அப்படியே. ஆனால் பொறியியல் படித்த, எவரோடும் வம்புக்குப் போகாத, 25 வயது மகன் எதிரே அமர்ந்து, “வாப்பா, நான் போக்கர் ஆட்டத்தை முறையாகக் கற்று ஆடுகிறேன். இது சூதன்று, கணிதம். என் வருமானமே இதுதான்” என்று அமைதியாகச் சொன்னால்? அங்கேதான் பெற்றோர் வாயடைத்துப் போகின்றனர்.

நாம் அறிந்த சூதாடியின் தோற்றம் அவனிடம் இல்லை. தோற்ற நாளில் அவன் கூச்சலிடுவதில்லை; வென்ற நாளில் துள்ளுவதுமில்லை. வரவு செலவைக் கணினியில் எழுதி வைக்கிறான். நிகழ்தகவு பற்றிய நூல்களைப் படிக்கிறான். இரவெல்லாம் திரையின் முன் விழித்திருந்து பகலில் உறங்குவதைத் தவிர, பார்வைக்கு அவனிடம் குறையொன்றும் தெரிவதில்லை. இத்தகைய பிள்ளையிடம் என்ன பேசுவது, எப்படிப் பேசுவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஆட்டத்தின் இயல்பு

எதிர்க்க விரும்புவோர் முதலில் அதை அறிந்திருத்தல் வேண்டும். போக்கரில் இன்று பரவலாக ஆடப்படும் வகை ‘டெக்சாஸ் ஹோல்டெம்’ என்பது. 52 சீட்டுகள். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். மேசையின் நடுவே முதலில் மூன்று, பின்னர் ஒன்று, இறுதியாக ஒன்று என ஐந்து பொதுச் சீட்டுகள் விரிக்கப்படும். ஏழு சீட்டுகளிலிருந்து சிறந்த ஐந்தை எவர் அமைக்கிறாரோ அவர் வெல்வார். இடையே நான்கு சுற்றுகளில் பணம் கட்டலாம், உயர்த்தலாம், அல்லது விலகலாம். கையில் நல்ல சீட்டே இல்லாதவரும் பெருந்தொகை கட்டி மற்றவரை அச்சுறுத்தி விலகச் செய்து வென்றுவிடலாம். ஆகவே இதில் மதிநுட்பம் உண்டு, நினைவாற்றல் உண்டு, எதிராளியின் மனத்தைப் படிக்கும் திறமையும் உண்டு. இதை மறுத்துப் பேசுவதால் பயனில்லை. “இது வெறும் குருட்டு அதிர்ஷ்டம்” என்று தந்தை சொன்ன மறுகணமே, “இவருக்கு ஒன்றும் தெரியாது” என்று மகன் முடிவு செய்து விடுகிறான்.

ஆயினும் திறமையின் எல்லையையும் அறிதல் வேண்டும். இரண்டு சீட்டுகளை 1,326 விதமாகப் பெறலாம். அவற்றுள் 6 மட்டுமே இரண்டும் ஏஸாக அமையும். அதாவது 221 முறைக்கு ஒருமுறை. இந்த மிகச் சிறந்த கையுடன் ஒருவர் இருக்க, இரண்டு ராஜாக்களுடன் மற்றவர் மோதினால், ஏஸ் வைத்திருப்பவர் 100க்கு ஏறத்தாழ 82 முறை வெல்வார். எஞ்சிய 18 முறை? ஒரு தவறும் செய்யாமலே தோற்பார். இதற்கு எதிர்ப்புறமும் உண்டு: தவறாக ஆடியவர் 18 முறை வெல்வார், வென்றதைத் தன் திறமை என்றே எண்ணுவார். சில மாதங்கள் காற்று வாக்காக வீசினால், இளைஞன் ஒருவன் தன்னைப் பெரும் நிபுணனாகக் கருதிக் கொள்ள அதுவே போதும். தன் வெற்றியில் எவ்வளவு அறிவால் வந்தது, எவ்வளவு தற்செயலால் வந்தது என்பதைப் பிரித்தறிய மிக நீண்ட கணக்கு வேண்டும். அதற்குள் வேலை போயிருக்கும், சேமிப்பும் கரைந்திருக்கும்.

இன்னொன்று. ஆறு பேர் ஆளுக்கு 1,000 ரூபாயுடன் அமர்ந்தால் மேசையில் இருப்பது 6,000 ரூபாய். இரவு முழுவதும் ஆடினாலும் அது 6,001 ஆகாது. மாறாக, ஆட்டத்தை நடத்துவோர் ‘ரேக்’ என்ற பெயரில் தம் பங்கைக் கழித்துக் கொண்டே இருப்பர். அப்படி 500 ரூபாய் கழிந்தால் ஆறு பேரும் சேர்ந்து எடுத்துச் செல்வது 5,500தான். இந்தியாவில் 2023 அக்டோபர் 1 முதல், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களில் கட்டிய தொகை முழுவதன் மீதும் 28 விழுக்காடு சரக்கு சேவை வரி விதிக்கப்பட்டது. வென்ற நிகரத் தொகையில் 30 விழுக்காடு வருமான வரி வேறு. ஆட ஆட மேசைப் பணம் குறைகிறதே தவிர வளர்வதில்லை.

மோகம் பிறந்த வழி

2003ஆம் ஆண்டு அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தைச் சேர்ந்த கிறிஸ் மணிமேக்கர் என்னும் 27 வயதுக் கணக்காளர், 100 டாலருக்கும் குறைந்த கட்டணத்தில் இணையவழித் தகுதிப் போட்டி ஒன்றை ஆடி, அதன் வழியே லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டிக்குள் நுழைந்து, 25 இலட்சம் டாலர் வென்றார். “அவரால் முடிந்தது, என்னால் முடியாதா?” என்ற கேள்வி உலகெங்கும் இளைஞர்களின் உள்ளத்தில் புகுந்தது. அவ்வாண்டு 839 பேர் ஆடிய அப்போட்டியில் 2006ஆம் ஆண்டு 8,773 பேர் ஆடினர். முதற்பரிசு 1 கோடியே 20 இலட்சம் டாலர். செய்தி ஏடுகள் அதைத்தான் எழுதின. பரிசு பெற்றோர் 873 பேர். எஞ்சிய 7,900 பேர் அப்போட்டியில் ஒரு காசும் பெறாமல் எழுந்து போயினர் என்பதை எவர் எழுதினார்?

நம் நாட்டிலும் கைப்பேசியும் மலிவான இணையமும் வந்தபின் ரம்மியும் போக்கரும் படுக்கையறை வரை வந்துவிட்டன. உயிர்கள் பறிபோயின. தமிழக அரசு 2021ஆம் ஆண்டு இயற்றிய தடைச் சட்டத்தை அவ்வாண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. நீதிபதி கே.சந்துரு தலைமையிலான குழுவின் 2022ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பின் புதிய சட்டம் வந்தது. ஆளுநர் திருப்பியனுப்ப, பேரவை மீண்டும் நிறைவேற்ற, 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்று, ரம்மி, போக்கர் இரண்டையும் தடைப் பட்டியலில் வைத்ததை மட்டும் நீக்கியது. பின்னர் 2025ஆம் ஆண்டு நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆடத் தடை விதித்த மாநில விதிகளை அதே நீதிமன்றம் ஏற்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே, திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. நடத்துவோர்க்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை தண்டம். ஆடுவோர்க்குத் தண்டனை இல்லை. உள்நாட்டின் பெரிய நிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்தின. எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் சென்றன.

“சட்டம் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை” என்று பெற்றோர் எண்ண இயலுமா? வெளிநாட்டுத் தளங்கள் இருக்கின்றன. கோவாவில் மாண்டவி ஆற்றின் மீது சூதாட்டக் கப்பல்கள் நிற்கின்றன. இதைத் தொழிலாக எண்ணியவன் வேறு வழியைத்தான் தேடுவான். அவனைத் தடுக்க வேண்டியது அவனுடைய சொந்த முடிவே.

பெற்றோரின் நான்கு போக்குகள்

முதற்போக்கு, கொதித்தெழுதல். “என் முகத்தில் விழிக்காதே!” என்று வாசலைக் காட்டுகின்றனர். கோபம் நியாயமானதே. ஆனால் வெளியேற்றப்பட்ட பிள்ளை எங்கே போவான்? அதே மேசைக்குத்தான். அங்கே அவனைப் புரிந்துகொள்ளும் தோழர்கள் இருக்கின்றனர். வீடு அவனை இழப்பதோடு, அவன் வீழும் நாளில் திரும்பி வருவதற்கான பாதையும் அடைபடுகிறது.

இரண்டாம் போக்கு, கண்டும் காணாதிருத்தல். மகன் வீட்டுக்குக் குளிர்சாதனப் பெட்டி வாங்கித் தருகிறான். தங்கையின் திருமணத்துக்குத் தொகை தருகிறான். “எங்கிருந்து வந்தது?” என்று எவரும் கேட்பதில்லை. அக்கம்பக்கத்தார் கேட்டால், “கம்ப்யூட்டர் வேலை” என்று சொல்லப்படுகிறது. அந்த ஒரு பொய்யில் வீடு முழுவதும் பங்காளியாகி விடுகிறது.

மூன்றாம் போக்கு, பெரும்பாலும் தாய்மாருடையது. மகன் கடன்பட்டு அழுகிறான். வாப்பாவுக்குத் தெரிந்தால் என்னாகுமோ என்ற அச்சத்தில் உம்மா தன் வளையலைக் கழற்றிக் கொடுக்கிறார். “இதுதான் கடைசி” என்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. அந்நேரத்தில் அவன் உண்மையாகவே அப்படி நம்புகிறான். ஆனால் கடன் தீர்ந்ததும் மீண்டும் ஆட வழி பிறக்கிறது. வளையலுக்குப் பின் சங்கிலி போகிறது. அதன்பின் வீட்டுப் பத்திரம்.

நான்காம் போக்கு அரிதானது. உட்கார்ந்து கேட்பது, அறிந்துகொள்வது, தம் நிலையை உறுதியாகச் சொல்வது, அதே வேளையில் உறவைத் துண்டிக்காதிருப்பது. இதற்குப் பொறுமை மிக வேண்டும். பலனளிக்கத் தக்கதும் இதுவே.

திறமை என்றால் தீர்ந்ததா?

மகனின் வலுவான வாதம் இதுதான்: “நீதிமன்றமே திறமையாட்டம் என்று சொல்லிவிட்டதே!” நீதிமன்றங்கள் இதில் ஒருமித்திருக்கவில்லை. சென்னை 2023இல் திறமை என்றது. குஜராத் உயர் நீதிமன்றம் 2017இல் போக்கரைச் சூது என்றது. நியூயார்க்கில் 2012ஆம் ஆண்டு நீதிபதி ஒருவர் திறமையே மேலோங்கியது எனத் தீர்ப்பளிக்க, 2013இல் மேல்நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது.

ஆனால் மார்க்கம் கேட்கும் கேள்வி வேறு. பணம் எங்கிருந்து வருகிறது, எதற்கு ஈடாக வருகிறது என்பதே அது. குதிரை, ஒட்டகம், அம்பெய்தல் ஆகிய போட்டிகளுக்குப் பரிசு வைக்க நபிமொழி இடமளிக்கிறது. அம்பெய்வது திறமை என்பதில் எவருக்கு ஐயம்? அங்கும்கூட, போட்டியிடும் இருவருமே பணம் வைத்து வென்றவர் இருவர் பணத்தையும் எடுத்துக் கொள்வதை ஃபிக்ஹு அறிஞர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. மூன்றாமவர் ஒருவர் பரிசளித்தால் தடையில்லை என்றனர். எனவே திறமை இருப்பதால் மட்டும் ஒரு பந்தயம் ஹலாலாகி விடுவதில்லை. ஒருவன் இழந்தால்தான் மற்றவன் பெறுவான் என்ற அமைப்பே ‘மைஸிர்’ ஆகும்.

திருக்குர்ஆன் அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்களில் சூதை மதுவோடு சேர்த்துத் தடுக்கிறது. அது மனிதரிடையே பகைமையை மூட்டும், இறைநினைவையும் தொழுகையையும் விட்டுத் திருப்பும் என்று காரணமும் உரைக்கிறது. விடியும்வரை ஆடிவிட்டுச் சுப்ஹு நேரத்தில் உறங்கப் போகும் பிள்ளையின் பெற்றோர்க்கு இதற்கு விளக்கம் வேண்டுவதில்லை.

“நான் ஏழைகளுக்கும் கொடுக்கிறேனே!” என்பான் மகன். இது புதிய வாதமன்று. அறியாமைக் காலத்து அரபுகள் ஒட்டகத்தை அறுத்து, அம்புகளைக் குலுக்கி எடுத்து இறைச்சிப் பங்குகளைச் சூதாடினர். வென்றவர்கள் அதை ஏழைகளுக்கே வழங்கிப் பெருமை கொண்டனர் என விரிவுரையாளர்கள் எழுதியுள்ளனர். அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம் அதில் சில பயன்கள் உண்டென்று ஒப்புக்கொண்டே, பாவம் அதைவிடப் பெரிது என்கிறது. பயனே இல்லை என்று மார்க்கம் வாதிடவில்லை. பெற்றோரும் அப்படி வாதிடத் தேவையில்லை.

“வியாபாரத்திலும் நட்டம் வருமே, அதுவும் பந்தயம்தானே?” என்பது அடுத்த கேள்வி. நம் முன்னோர் வணிகர்கள். இதற்கு விடை நம் வீட்டிலேயே இருக்கிறது. துணி விற்றவர்க்கு இலாபம், வாங்கியவர்க்கு உடை. இருவருமே நிறைவோடு பிரிகின்றனர், மறுமுறையும் வருகின்றனர். நல்ல வணிகர் தம் வாடிக்கையாளர் செழிக்க வேண்டுமென்று துஆ செய்வார். போக்கர் ஆடுபவனோ தன்னைவிட அறிவு குறைந்தவன் மேசைக்கு வரவேண்டுமென்று காத்திருக்கிறான். ஆட்டக்காரர்களிடையே அத்தகையவர்க்கு ‘மீன்’ என்றே பெயர். அந்த மீனும் ஒரு வீட்டின் பிள்ளை. அவனுக்கும் ஒரு தாய் வளையல் கழற்றுகிறார். “மகனே, நீ வென்றாய் என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பணம் எந்த வீட்டிலிருந்து வந்தது?” இக்கேள்வியை ஒவ்வொரு தந்தையும் கோபமின்றிக் கேட்கலாம்.

திறமையின் உச்சத்தில் இருந்தவர்களின் கதையையும் சொல்லலாம். ஸ்டூ உங்கர் என்னும் அமெரிக்கர் 1980, 1981, 1997 ஆகிய மூன்று ஆண்டுகளில் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை வென்றவர். சீட்டாட்டத்தில் அவரை மிஞ்சியவர் அரிது என்று இன்றும் பேசுகின்றனர். 1997இல் அவர் அடைந்த வெற்றியின் பரிசு 10 இலட்சம் டாலர். 1998 நவம்பரில், 45 வயதில், லாஸ் வேகாஸின் மலிவான விடுதியறை ஒன்றில் இறந்து கிடந்தார். போதைப் பழக்கமும் குதிரைப் பந்தயமும் எல்லாவற்றையும் விழுங்கியிருந்தன. அடக்கச் செலவுக்கு நண்பர்கள் பணம் திரட்டினர். எல்லா ஆட்டக்காரரும் இவ்வாறு முடிந்தனர் என்று சொல்லவில்லை. செல்வந்தராக வாழ்பவரும் உளர். ஆனால் சீட்டில் காட்டிய அறிவு அவருடைய வாழ்க்கைக்குக் கைகொடுக்கவில்லை என்பது உண்மை.

பெற்றோர் செய்யத்தக்கவை

முதலாவது, பிள்ளையின் நிலையைப் பிரித்தறியுங்கள். கணக்கெழுதி, வரம்புக்குள் ஆடுபவன் ஒருவன், அடிமையாகிவிட்டவன் வேறொருவன். முன்னவனோடு வாதாடலாம். பின்னவனுக்கு மருத்துவம் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் சூதாட்டக் கோளாறு ஒரு நோயாகவே இடம்பெற்றுள்ளது. தொகையைக் கூட்டிக்கொண்டே போதல், நிறுத்த முயன்று தோற்றல், ஆடாதபோது எரிச்சல், இழந்ததை மீட்க மறுநாளே ஓடுதல், பொய் சொல்லுதல், பிறரிடம் பணத்துக்குக் கையேந்துதல் ஆகியவை அதன் அடையாளங்கள். இவை தென்பட்டால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வதில் வெட்கம் வேண்டா. 14416 என்னும் அரசின் ‘டெலி மானஸ்’ இலவசத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே பேசலாம். பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2014 முதல் இணைய அடிமைத்தனத்துக்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு உண்டு. உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிப் பிள்ளை ஒரு சொல் சொன்னாலும் அதை மிரட்டல் என்று தள்ளாதீர்கள். அன்றிரவு அவனைத் தனியே விடாதீர்கள்.

இரண்டாவது, கணக்கைக் கேளுங்கள். “எவ்வளவு வென்றாய்?” என்று கேட்டால் வென்ற நாட்களை மட்டும் சொல்வான். ஓராண்டு முழுவதற்குமான வரவு, செலவு, வரி, விழித்த மணிநேரம் அனைத்தையும் ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அவனே சொல்லும் கணிதத்தைக் கொண்டு அவனையே நோக்கச் செய்வது, நூறு வசைகளைவிடப் பயன் தரும்.

மூன்றாவது, கடனை இரகசியமாக அடைக்காதீர்கள். வயது வந்த மகனின் கடனுக்கு, நீங்கள் பிணைக் கையொப்பம் இட்டிருந்தாலன்றி, சட்டப்படி நீங்கள் பொறுப்பாளியல்லர். கடன்காரரின் மிரட்டலுக்கு அஞ்சி நகையை எடுத்து நீட்டாதீர்கள். 1957இல் அமெரிக்காவில் தோன்றிய, சூதிலிருந்து மீண்டோரின் சங்கங்களும் குடும்பத்தார்க்கு இதையே அறிவுறுத்துகின்றன. சோறு போடுங்கள், மருத்துவச் செலவு செய்யுங்கள், பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள். உதவி செய்தாலும் கணவன் மனைவி இருவரும் அறிந்து, கடன் பட்டியல் முழுவதையும் பார்த்து, அவனே உழைத்துத் திருப்பும் ஏற்பாட்டோடு செய்யுங்கள்.

நான்காவது, அந்தப் பணத்தை ஏற்காதீர்கள். “உன்னை வெறுக்கவில்லை மகனே, இந்தப் பணத்தை எங்களால் உண்ண முடியாது” என்று சொல்லும் தாயின் சொல்லுக்குத் தனி வலிமை உண்டு. அவன் பணத்தில் ஹஜ்ஜுக்குப் போகும் எண்ணத்தையும் ஒத்திவையுங்கள். ஏற்கெனவே வந்து சேர்ந்ததை என்ன செய்வதென்பதை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

ஐந்தாவது, இதை மறைத்துத் திருமணம் செய்து வைக்காதீர்கள். “கால்கட்டுப் போட்டால் திருந்துவான்” என்று சொல்லிப் பிறர் வீட்டுப் பெண்ணை இந்தத் துன்பத்துக்குள் இழுத்து வருவது பெரும் அநீதி. பெண் வீட்டார் மகனின் தொழிலைக் கேட்கும்போது மெய்யைச் சொல்லும் துணிவு இல்லையென்றால், அவன் வேறு தொழில் தேடும்வரை பொறுத்திருப்பதே நேர்மை.

ஆறாவது, விடுபவனுக்கு வழி காட்டுங்கள். இரவு முழுவதும் விழித்துப் பழகியவனுக்கு ஆட்டத்தை நிறுத்திய முதல் மாதங்களில் இரவு மிக நீளமாக இருக்கும். நண்பர்களையும் இழந்திருப்பான். அவனிடம் கணக்கறிவு உண்டு, பதறாமல் முடிவெடுக்கும் பயிற்சி உண்டு. காப்பீடு, புள்ளியியல், கணக்காய்வு, வணிகம் எனப் பல துறைகள் அந்த அறிவுக்கு ஊதியம் தருகின்றன. குறைந்த சம்பளத்தில் அவன் ஒரு வேலையில் சேர்ந்தால், “இதற்குத்தானா இத்தனை படித்தாய்?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பெருந்தொகையை ஒரே இரவில் பார்த்தவனுக்கு மாதச் சம்பளம் சிறிதாகத் தெரியும். அது பெரிதென்று சொல்லித் தேற்ற வேண்டியவர்கள் நீங்களே.

வளர்ந்த பிள்ளைக்குக் கட்டளையிடும் காலம் கடந்துவிட்டது. ஆயினும் அறிவுரை சொல்லவும், பணத்தை மறுக்கவும், துஆ கேட்கவும் பெற்றோர்க்கு உரிமை எஞ்சியிருக்கிறது. அவன் திருந்துவானா என்பது நம் கையில் இல்லை. திரும்பி வரும் நாளில் கதவைத் தட்டலாம் என்ற நம்பிக்கை அவனுக்கு இருக்கிறதா என்பது நம் கையில் இருக்கிறது. இன்றிரவு அவன் அறையில் விளக்கு எரிந்தால், சத்தமிடாமல் உள்ளே சென்று அருகில் அமர்ந்து, “சாப்பிட்டாயா?” என்று கேட்டுத் தொடங்குங்கள்.